கால்வாயில் தொடங்கும் காட்டுத்தீ: தென்கிழக்காசியப் புகைமூட்டமும் அண்டை நாட்டு ஒத்துழைப்பும்

2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் அந்நாட்டுக் குறியீடு 746 வரை போக, அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். இத்தனைக்கும் சிங்கப்பூரிலும் சரி, மூவாரிலும் சரி, எந்தக் காடும் எரியவில்லை. நெருப்பு இருந்தது மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவிலுள்ள ரியாவ் மாகாணத்தில்.

மலேசியத் தமிழர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் இதைப் பல முறை பார்த்துவிட்டார்கள். 1997இல் மலேசியாவின் சரவாக்கில் அவசரநிலை. 2005இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை. பிறகு 2013, 2015, 2019. ஒவ்வொரு முறையும் முகக்கவசம் விற்றுத் தீரும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், ‘ஏன் இன்னும் அணைக்கவில்லை’ என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கும் நேரத்தில் காரியம் கைமீறிப் போயிருக்கும். இந்தத் தீயைத் தடுக்க வேண்டிய காலம் தீ மூளுவதற்குப் பல மாதம் முந்தையது. சில இடங்களில் பல ஆண்டு முந்தையது. அது எப்படி என்பதையும், ஒரு நாட்டின் தீயில் இன்னொரு நாடு எவ்வளவு தூரம் கைகொடுக்க முடியும் என்பதையும் முதலிலிருந்து பார்ப்போம்.

எரிவது மரம் மட்டும் அல்ல, மண்

சாதாரணக் காட்டில் தீ பிடித்தால் சருகு, புல், புதர், மரம் என்று தரைக்கு மேலே இருப்பது எரியும். எரிய வேண்டியது எரிந்து தீர்ந்ததும் அடங்கிவிடும். சுமத்ராவின் கிழக்குக் கரையிலும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானின் தாழ்நிலங்களிலும் நிலைமை வேறு. அங்கே தரையே எரியும்.

அந்தத் தரைக்குப் பெயர் பீட். கரிமண் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் காட்டில் விழும் இலையும் கிளையும் வேரும் காற்று படாமல் நீருக்குள் கிடப்பதால் முழுதாக மட்குவதில்லை. அரைகுறையாக மட்கியது அப்படியே அடுக்கடுக்காகச் சேர்கிறது. வளரும் வேகம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே சேர்ந்து, சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழமாக இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த நிலையில் அதில் தீக்குச்சி உரசிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. நீரை வடித்துவிட்டால் மிஞ்சுவது தூய எரிபொருள்.

காய்ந்த கரிமண்ணில் பற்றிய நெருப்பு ஊதுபத்தி போல எரியும். சுடர் இருக்காது, கங்கு இருக்கும். வெப்பம் குறைவு, புகை ஏராளம். நெருப்பு மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்து, வேறொரு இடத்தில் மேலே தலைகாட்டும். நேற்று அணைந்துவிட்டது என்று விட்டுவந்த இடத்தில் இன்று காலை மறுபடி புகை வரும். வேர்களைத் தாங்கிய மண் எரிந்துபோவதால் பச்சை மரங்கள் அடியோடு சாயும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இது நீடிக்கும்.

தீயணைப்பு வீரர்களுக்கு இது பெரிய தலைவலி. மேலே தண்ணீர் பீய்ச்சினால் மேல்மண் நனையும், அவ்வளவுதான். குழாயை மண்ணுக்குள் குத்தி இறக்கி, அடிவரை ஈரமாகும்வரை நீரைச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏராளமான தண்ணீர் வேண்டும். ஆனால் அது வறட்சிக் காலம், பக்கத்துக் கால்வாயும் வற்றியிருக்கும். ஹெலிகாப்டரிலிருந்து நீரைக் கொட்டும் காட்சி தொலைக்காட்சிக்கு நன்றாக இருக்கும். தரைக்கு மேலே பரவும் சுடரைக் கட்டுப்படுத்தவும் அது உதவும். அடியில் கனன்றுகொண்டிருக்கும் மண்ணுக்கு அது போதாது. 2015இல் மாதக்கணக்கில் போராடியும் அடங்காத நெருப்பு, அக்டோபர் கடைசியில் மழை இறங்கிய பிறகுதான் தணியத் தொடங்கியது.

தண்ணீரை வடித்தது யார்?

இயற்கையாக எப்போதும் ஈரமாக இருக்க வேண்டிய நிலம் எப்படிக் காய்ந்தது? கால்வாய் வெட்டினார்கள். வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு வெளியே கொண்டுவர முதலில் கால்வாய் வந்தது. பிறகு பாமாயில் தரும் செம்பனையும் காகிதக்கூழுக்கான அக்கேசியா மரமும் நட, நிலத்தின் நீரை வடிக்க இன்னும் கால்வாய்கள் வந்தன. நீர் இறங்க இறங்க மேல்மண் காய்கிறது. காய்ந்த மண் காற்று பட்டு மட்கித் தரையும் தாழ்கிறது. தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் நிற்கிறது என்று மறுபடி கால்வாயை ஆழப்படுத்துகிறார்கள்.

இதற்கு மிக மோசமான எடுத்துக்காட்டு மத்திய கலிமந்தானில் இருக்கிறது. சுஹார்த்தோ அதிபராக இருந்தபோது, 1995இல், அங்கே பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்க உத்தரவு போட்டார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். அமிலத்தன்மை மிகுந்த அந்தக் கரிமண்ணில் நெல் விளையவில்லை. 1999இல் திட்டத்தையே கைவிட்டார்கள். கால்வாய்கள் மட்டும் அப்படியே இருந்தன, நீரை வடித்துக்கொண்டே.

இடையில் 1997 வந்தது. அந்த ஆண்டின் எல் நினோ மிகக் கடுமையானது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் காலத்தை எல் நினோ என்கிறோம். அப்போது மழைமேகம் கிழக்கே நகர்ந்துவிட, இந்தோனேசியாவுக்கு வறட்சி. வடிந்து கிடந்த கரிமண் பற்றிக்கொண்டது. சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் குறியீடு 839. செப்டம்பர் 26 அன்று மேடான் நகருக்கு அருகே, புகைமூட்டத்துக்கு நடுவே தரையிறங்க வந்த கருடா நிறுவன விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 234 பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்த கரிமண்ணும் காடும் காற்றில் கலந்த கார்பன், உலகம் முழுவதும் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்து ஓராண்டில் வெளியிட்டதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

சரி, தீயைப் பற்ற வைத்தது யார்? இடி மின்னலால் தானாக மூளும் தீ இந்த ஈரநாடுகளில் அபூர்வம். பெரும்பாலும் மனிதர்கள்தான் வைக்கிறார்கள். காட்டை வெட்டிச் சாய்த்த நிலத்தைச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்தால் செலவு. நெருப்பு வைத்தால் தீப்பெட்டி விலை. சாம்பல் மண்ணின் அமிலத்தையும் கொஞ்சம் தணிக்கும். சிறு விவசாயி செய்கிறார், பெரிய தோட்டமும் செய்கிறது, யாருக்கு நிலம் என்ற சண்டையில் எதிராளியின் பயிருக்கு நெருப்பு வைப்பதும் நடக்கிறது. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் எரிப்பதைத் தடை செய்தாலும், பாரம்பரிய முறையில் இரண்டு ஹெக்டேர் வரை எரித்துப் பயிரிடும் குடும்பங்களுக்கு விலக்கு தருகிறது. ஈரமான நிலத்தில் அந்த இரண்டு ஹெக்டேர் நெருப்பு அங்கேயே அணைந்துவிடும். வடிந்த நிலத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. எனவே தீக்குச்சியைவிடக் கால்வாயைத்தான் நான் முதல் குற்றவாளி என்பேன்.

கால்வாயை அடைப்பது

தடுப்பு வேலையின் முதல் படி தண்ணீரைத் திரும்பக் கொண்டுவருவது. கேட்கச் சுலபமாக இருக்கும்.

கால்வாயின் குறுக்கே இரண்டு வரிசை மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, நடுவில் மண் மூட்டைகளை அடுக்குவார்கள். நடுவே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாழ்வாக விடுவார்கள். மழைக்காலத்தில் மிகுதியான நீர் அதன் வழியே வழிந்து போகும். இல்லாவிட்டால் வெள்ளம் தடுப்பையே சுற்றிக்கொண்டு ஓரத்து மண்ணை அரித்துவிடும். கரிமண் மிருதுவானது, அரிப்பைத் தாங்காது. ஒரு தடுப்பு போட்டால் அதற்கு மேற்பக்கம் கொஞ்ச தூரம்தான் நீர் உயரும். எனவே நிலத்தின் சரிவைப் பார்த்துப் படிப்படியாகப் பல தடுப்புகள் வைக்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். பக்கங்களில் துளையிட்ட குழாயை மண்ணுக்குள் ஆழமாக இறக்கிவிட்டால், உள்ளே நிற்கும் நீரின் மட்டம்தான் அந்த இடத்தின் நிலத்தடி நீர்மட்டம். அளவுகோலை விட்டுப் பார்க்கலாம்; இப்போது பல இடங்களில் தானியங்கிக் கருவியே அளந்து அனுப்புகிறது. பாதுகாக்க வேண்டிய கரிமண் நிலம் போக மற்ற இடங்களில் பயிர் செய்தாலும், நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்தோனேசிய அரசு 2014இல் கொண்டுவந்த விதி. செம்பனைக்கு வேர்ப்பகுதி காய்ந்திருந்தால்தான் நல்ல விளைச்சல். தோட்டக்காரர்கள் வழக்கமாக அதைவிடக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். நாற்பதா, அறுபதா என்ற இந்த இருபது சென்டிமீட்டரில்தான் பாதிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், கால்வாய்தான் பல கிராமங்களுக்குச் சாலை. படகில்தான் விளைச்சல் வெளியே போக வேண்டும். ஊரைக் கேட்காமல் கட்டிய தடுப்பைப் படகு போக இடைஞ்சல் என்று உடைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படகு தாண்டிப் போக வழி வைத்துக் கட்டிய இடங்களில் தடுப்பு நிற்கிறது.

ரியாவின் மெராந்தித் தீவுகளில் சுங்கை தோஹோர் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களின் வாழ்வு சேகோ மரம். (நம் பாயசத்து ஜவ்வரிசி இன்று சேலத்து மரவள்ளிக்கிழங்கில் செய்வது, இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நிற்பதற்கு முன், இந்தச் சேகோ மரத்து மாவில் செய்ததுதான் கப்பலில் வந்தது.) சேகோவுக்கு ஈரநிலம்தான் வேண்டும். பக்கத்தில் தோட்டக் கால்வாய்கள் நீரை உறிஞ்சியதும் சேகோ வாடியது, தீயும் வந்தது. ஊர்மக்கள் அதிபருக்கு மனு போட்டார்கள். பதவியேற்ற அடுத்த மாதமே, 2014 நவம்பரில், அதிபர் ஜோக்கோ விடோடோ அந்த ஊருக்கு வந்து கால்வாய்த் தடுப்பு கட்டும் பணியில் கலந்துகொண்டார். ஈரத்தை விரும்பும் பயிர் இருந்தால் தண்ணீரைக் காக்க ஊரே காவல் நிற்கும். செம்பனை விலை ஏறும்போது அந்தக் காவல் எவ்வளவு நாள் தாங்கும் என்பது தனிக் கதை.

அதற்கடுத்த ஆண்டே பெருந்தீ. 2015இல் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கி கணக்கிட்ட இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர். 2004 சுனாமிக்குப் பின் ஆச்சேவைத் திரும்பக் கட்டியெழுப்ப ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதன் பிறகுதான் 2016 ஜனவரியில் கரிமண் நிலங்களை மீட்கவென்றே ஒரு தனி அமைப்பு வந்தது. ஏழு மாகாணங்களில் 20 லட்சம் ஹெக்டேர் என்பது அதன் இலக்கு.

முன்னெச்சரிக்கை: எப்போது பயப்படுவது?

நிலம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தினமும் கணக்குப் போட ஒரு முறை உண்டு. தீ அபாய மதிப்பீடு என்பார்கள். கனடாவில் உருவான முறை; வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றின் தினசரி அளவை வைத்துக் கணக்கிடுவது. தென்கிழக்காசியாவுக்கு ஏற்ப அதை மாற்றி, மலேசிய வானிலைத் துறை நாள்தோறும் வண்ண வரைபடமாக வெளியிடுகிறது. அதில் வறட்சிக் குறியீடு என்று ஓர் அளவு இருக்கிறது. மேல் சருகு ஒரே நாள் வெயிலில் காய்ந்துவிடும், ஆழத்து மண் காய வாரங்கள் ஆகும். ஆழத்து மண் அப்படி மெதுவாகக் காய்வதை அளப்பது வறட்சிக் குறியீடு. கரிமண் நிலத்துக்கு இதுதான் முக்கியம். அது ஏறத் தொடங்கியதும் எரிப்புத் தடையைக் கறாராக்கலாம், ரோந்து கூட்டலாம், பம்புகளையும் குழாய்களையும் அந்தக் கிராமத்துக்கே முன்கூட்டி அனுப்பி வைக்கலாம். மேகம் இருக்கும்போதே உப்புத் தூவி மழை வரவழைத்து மண்ணை நனைத்துவைப்பதையும் இந்தோனேசியா செய்கிறது. மேகமே இல்லாத உச்ச வறட்சியில் அந்த வேலை நடக்காது.

இரண்டாவது கருவி செயற்கைக்கோள். ‘ரியாவில் இன்று இத்தனை வெப்பப் புள்ளிகள்’ என்று செய்தியில் வருமே, அது. தரையில் சுற்றுப்புறத்தைவிடச் சூடான இடத்தைச் செயற்கைக்கோள் ஒரு புள்ளியாகக் குறிக்கிறது. பழைய உணரிகளில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் அகலம். புதியவற்றில் 375 மீட்டர். புள்ளி என்றால் தீ என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய்க் கிணறுகளில் எரியும் வாயுவும் புள்ளியாகத் தெரியலாம். மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தால் பெருந்தீயும் கண்ணில் படாது. மண்ணுக்குள் கனல்வது வெப்பம் குறைவாக இருப்பதால் தப்பிவிடும். ‘இன்று புள்ளி குறைந்துவிட்டது’ என்று அமைச்சர் ஒருவர் சொன்னால், அன்று மேகம் எப்படி இருந்தது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்புக்கு ஆசியான் என்று பெயர். இந்தப் படங்களை அந்த நாடுகளுக்காகப் பார்த்துச் சொல்வது சிங்கப்பூரில் 1993 முதல் இயங்கும் ஆசியான் வானிலை மையம். வறட்சி தொடங்கினால் ஒன்று, புள்ளிகளும் புகையும் பெருகி அண்டை நாட்டை நோக்கிக் காற்றடித்தால் இரண்டு, நிலைமை இன்னும் முற்றினால் மூன்று என்று எச்சரிக்கை நிலைகளை அது அறிவிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; சுமத்ராப் புகை நேரே தீபகற்ப மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும், கலிமந்தான் புகை சரவாக்குக்கும் வரும்.

பத்து கையெழுத்துகளும் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பும்

இனி ஒத்துழைப்புக்கு வருவோம். புகைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. தீயணைப்பு வண்டிக்குத் தேவை. ஒரு நாட்டின் பேரிடருக்கு இன்னொரு நாடு உதவப் போனால் யார் அழைக்க வேண்டும், யார் கட்டளைக்குக் கீழ்ப்பட வேண்டும், கொண்டுவரும் கருவிக்குச் சுங்கவரி உண்டா, செலவு யாருடையது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று ஆயிரம் கேள்வி. தீ எரியும்போது உட்கார்ந்து இதைப் பேச முடியாது. முன்னமே எழுதி வைத்திருக்க வேண்டும். எல்லை தாண்டிய பேரிடர் ஆயத்தம் என்பதில் பெரும்பங்கு இந்தக் காகித வேலைதான். சலிப்பாக இருக்கும், ஆனால் இது இல்லாவிட்டால் விமானம் ஓடுபாதையிலேயே நிற்கும்.

1997 தீயிலேயே மலேசியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்களை இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. அந்த அனுபவத்தின் மேல், 2002 ஜூன் 10 அன்று கோலாலம்பூரில் அப்போதைய ஆசியான் நாடுகள் பத்தும் எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தீயைத் தடுக்க, கண்காணிக்க, எச்சரிக்க, உதவி கேட்க, உதவிக்கு வருபவர்களின் கருவிகளை வரியின்றி அனுமதிக்க எல்லாவற்றுக்கும் அதில் வழி எழுதியிருக்கிறது. இரண்டு குறைகள். ஒன்று, மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. இரண்டு, எந்த உதவியும் அதைப் பெறும் நாடு சம்மதித்தால் மட்டுமே. அப்புறம் இன்னொன்று: புகை எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014 செப்டம்பரில்தான். கையெழுத்துக்கும் ஏற்புக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு.

சம்மதம் என்ற அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று 2015இல் தெரிந்தது. செப்டம்பரில் சிங்கப்பூர் உதவ முன்வந்தது. நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது ஜக்கார்த்தா. அக்டோபரில் சம்மதித்ததும் சிங்கப்பூரின் சினூக் ஹெலிகாப்டரும் மலேசியாவின் நீர்-நில விமானமும் தெற்கு சுமத்ராவுக்குப் போயின. அதற்குள் லட்சக்கணக்கான ஹெக்டேர் போய்விட்டது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள் இந்தோனேசியர்களே. மத்திய கலிமந்தானின் பாலங்காராயா நகரில் குறியீடு 2000ஐ நெருங்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மூச்சுக்குழல் தொற்று.

இந்த மாதிரி நேரங்களில் நாடுகளின் தன்மானமும் சேர்ந்து எரியும். 2013இல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதோயோனோ அண்டை நாடுகளிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2015இல் துணை அதிபர் யூசுப் கல்லா வேறு மாதிரி பேசினார்: பதினொரு மாதம் எங்கள் நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்களே, அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லையே என்று. சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் ரியாவிலும் கலிமந்தானிலும் தோட்டம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பலவற்றின் முதலீடும் தலைமையகமும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இலாபம் ஒரு பக்கம் போகும்போது புகையும் அதே பக்கம் போவதில் ஒரு குரூரமான நியாயம் இருக்கிறது. அதைச் சுவாசிப்பது முதலாளி அல்ல என்பதுதான் கோளாறு.

இந்தக் கண்ணியைப் பிடிக்கத்தான் சிங்கப்பூர் 2014இல் ஒரு சட்டம் இயற்றியது. எந்த நாட்டில் எரித்தாலும் சரி, சிங்கப்பூரில் புகைமூட்டம் உண்டாக்கிய நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மொத்தம் இருபது லட்சம் வெள்ளி வரை அபராதம். 2015இல் சில இந்தோனேசிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. ஜக்கார்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை. வழக்கை நிரூபிக்க, எரிந்த இடம் யாருடைய குத்தகை நிலம் என்று தெரிய வேண்டும். அதற்கு எல்லைகள் குறித்த வரைபடம் வேண்டும். ஆசியான் தலைவர்கள் 2013இல் அந்த வரைபடங்களை அரசுக்கு அரசு பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார்கள். பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத்தான் மனம் வரவில்லை. செயற்கைக்கோள் புள்ளி எல்லார் கையிலும் இருக்கிறது, அதன் அடியில் இருக்கும் சொந்தக்காரர் பெயர் மட்டும் பூட்டிய அலமாரியில்.

எனக்குப் பிடித்த முயற்சி இவற்றில் எதுவும் அல்ல. 2007இல் சிங்கப்பூர் சுமத்ராவின் ஜாம்பி மாகாணத்தோடு நேரடியாகக் கைகோத்தது. காற்றுத் தரம் அளக்கும் நிலையம் வைத்துக் கொடுத்தார்கள், செயற்கைக்கோள் படத்தைப் படிக்க உள்ளூர் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், எரிக்காமல் பிழைக்க விவசாயிகளுக்கு மீன் வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். மீன்குட்டை எந்தச் செய்தியிலும் தலைப்பாக வராது. ஆனால் புகை கிளம்பும் ஊரில், புகை கிளம்பும் முன்னால் செலவழித்த பணம் அது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு நின்றுபோனது. பத்து ஹெலிகாப்டரைவிட அந்த மாதிரிப் பத்து ஏற்பாடு கூடுதலாக வேலை செய்யும் என்பது என் கட்சி.

பொதுவான பேரிடர்களுக்கு ஆசியானிடம் இதைவிட ஒழுங்கான அமைப்பு ஒன்று இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின், 2005இல், பேரிடர் மேலாண்மைக்கென்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி 2011இல் ஜக்கார்த்தாவில் ஒருங்கிணைப்பு மையம் வந்தது. சிலாங்கூரின் சுபாங்கில் நிவாரணப் பொருள் கிடங்கு வைத்திருக்கிறார்கள். புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் இது ஓடி வருகிறது. நிலநடுக்கத்துக்கு யாரும் பழி ஏற்க வேண்டியதில்லை, அதனால் உதவி கேட்பதில் கூச்சமில்லை. புகைக்குக் காரணகர்த்தா உண்டு. அங்கேதான் கை நடுங்குகிறது.

ஐரோப்பிய நாடுகள் இந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கின்றன. 2001 முதல் அங்கே பொதுவான பேரிடர் உதவி அமைப்பு உண்டு. 2019இல் அதனோடு தீயணைப்பு விமானங்கள் அடங்கிய ஒரு பொதுப் படையும் சேர்ந்தது. 2022 கோடையில் பல்கேரியா, ஜெர்மனி, ருமேனியா, பிரான்ஸ், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளின் வீரர்கள், தீ மூளும்வரை காத்திராமல், முன்கூட்டியே கிரீஸ் நாட்டில் போய்த் தங்கினார்கள். பனிநாட்டு வீரர்களுக்கு அது பயிற்சி, கிரீஸுக்கு அது கூடுதல் கை.

நம் வாசலிலும்

மலேசியர்கள் மேற்கே மட்டும் கைநீட்டிவிட முடியாது. இங்கேயும் கரிமண் நிலம் உண்டு. பெரும்பகுதி சரவாக்கில், கொஞ்சம் சிலாங்கூரிலும் பகாங்கிலும் ஜொகூரிலும். கிள்ளானை ஒட்டிய ஜொஹான் செத்தியாவில் காய்கறித் தோட்டங்களில் திறந்தவெளியில் எரிப்பதும், அந்தப் பகுதியின் காற்றுக் குறியீடு மட்டும் தனியாக எகிறுவதும் புதிதல்ல. பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் இருக்கும் ராஜா மூசா வனக்காப்பகத்தில் ஒரு பகுதியை ஆக்கிரமித்துப் பயிர் வைத்தவர்கள் கால்வாய் வெட்டி வடித்துவிட்டார்கள். வறட்சிக்கு வறட்சி அங்கே தீ. 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலர்களும் சுற்றுவட்டார மக்களும் சேர்ந்து கால்வாய்களை அடைத்து மரம் நட்டு வருகிறார்கள். எல்லை, ஒப்பந்தம், சம்மதம் எதுவும் தேவைப்படாத இடத்திலேயே இது இத்தனை ஆண்டு எடுக்கும் வேலை.

வடக்கே தாய்லாந்து, லாவோஸ், மியன்மாரில் புகைக்காலம் வேறு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அங்கே எரிவது பெரும்பாலும் மக்காச்சோளத் தாளும் மலைக்காட்டுச் சருகும். கரிமண் இல்லாததால் வைத்தியமும் வேறு.

2019இல் இந்தோனேசியாவில் எரிந்தது சுமார் 16 லட்சம் ஹெக்டேர்; மறுபடி எல் நினோ வந்த 2023இல் சுமார் 11.6 லட்சம். 2015இன் 26 லட்சத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். தடுப்புகளின் பலன் எவ்வளவு, வறட்சி அவ்வளவு நீளாததன் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அடுத்த வலுவான எல் நினோ வரப்போவதாக வானிலை மையங்கள் சொல்லும்போது, செப்டம்பரில் காற்றுக் குறியீட்டைப் பார்ப்பதற்குப் பதில் மே மாதத்திலேயே மலேசிய வானிலைத் துறையின் தீ அபாய வரைபடத்தில் சுமத்ராவின் கிழக்குக் கரையைப் பாருங்கள். வறட்சிக் குறியீடு சிவப்பை நோக்கிப் போனால், ரியாவின் கால்வாய்களில் நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புகை கிளம்ப அப்போது இன்னும் சில வாரம் இருக்கும். தடுப்பைச் சரிபார்க்கவும் பம்பை அனுப்பவும் உதவி வேண்டுமா என்று கேட்கவும் அந்தச் சில வாரம்தான் இரு கரைக்கும் கிடைப்பது.